மருந்தின் நான்காம் கூறு

மர்ம நாவலை இலக்கிய மாளிகையின் திண்ணையோடு நிறுத்திவிடுவது நம் திறனாய்வாளரிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கம். ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிக் குவித்த துப்பறியும் நாவல்கள் தமிழில் ஒரு பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கின. பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ், வசந்த் இணையும் அக்கூட்டத்தைப் பல மடங்கு பெருக்கினர். எனினும் 'பொழுதுபோக்கு' என்னும் ஒற்றைச் சொல்லால் இவ்வகை நூல்களை மதிப்பிட்டு முடித்துவிடுகிறோம்.

ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிய விரும்புவோர் அதன் மர்ம நாவல்களைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். உயில், புதையல், நகைப்பெட்டி, வாரிசுரிமை ஆகியவற்றைச் சுற்றிக் கொலை நிகழ்ந்த நாவல்கள், சொத்தை இழந்துவிடுவோமோ என்று நடுங்கிய காலத்தின் கண்ணாடிகள். இன்றைய மனிதனின் நடுக்கம் உடலைப் பற்றியது, உறக்கத்தைப் பற்றியது, காரணம் புரியாமல் கனக்கும் உள்ளத்தைப் பற்றியது. இந்த நடுக்கத்தை மூலதனமாகக் கொண்டு உலகெங்கும் 'நலவாழ்வு' என்னும் பெயரில் ஒரு புதிய வணிகம் தழைத்துள்ளது. ஆகவே, மர்ம நாவலும் அரண்மனையை விட்டு நலவாழ்வு நிறுவனத்துக்குக் குடிபெயர்ந்ததில் வியப்பில்லை.

அவ்வாறு குடிபெயர்ந்த நாவல்களுள் ஒன்றை இங்கு ஆராய்வோம். ஆஸ்திரேலிய எழுத்தாளர் லியான் மொரியார்ட்டி 2018இல் வெளியிட்ட 'நைன் பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்பதே அது. 'முன்பின் அறியாத ஒன்பது பேர்' என்று அத்தலைப்பைத் தமிழில் கொள்ளலாம். 2021இல் நிக்கோல் கிட்மன் நடிப்பில் தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்தமையால் கதை பலருக்கும் அறிமுகமாகியிருக்கும். தொடர், மூலக்கதையிலிருந்து பல இடங்களில் விலகிச் செல்கிறது. நம் ஆய்வு நாவலைப் பற்றியது மட்டுமே.

கதையின் அமைப்பு

மாஷா என்பவள் இரஷ்யாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிப் பெருநிறுவனம் ஒன்றில் உயர்பதவி வகித்தவள். ஒருநாள் அலுவலகத்திலேயே அவளுக்கு மாரடைப்பு ஏற்படுகிறது. அவசர ஊர்தியில் வந்து அவளைப் பிழைக்கவைக்கும் மருத்துவ உதவியாளருள் ஒருவன் யாவ் என்னும் இளைஞன். பத்தாண்டுகளுக்குப் பின் மாஷா, தொலைதூரத்தில் தனித்து நிற்கும் பழைய மாளிகை ஒன்றில் 'டிராங்குவில்லம் இல்லம்' என்னும் நலவாழ்வு நிலையத்தை நடத்துகிறாள். அவளைக் காப்பாற்றிய யாவ் இப்போது அவளுக்குக் கீழ்ப் பணியாற்றுகிறான்.

பத்து நாள் பயிற்சிக்காக ஒன்பது பேர் அங்கு வருகின்றனர். இணையவழிக் காதல் மோசடியில் ஏமாந்து, புதிய நூலும் பதிப்பாளரால் ஏற்கப்படாமல் சோர்ந்திருக்கும் 52 வயது நாவலாசிரியை ஃபிரான்சஸ். புகழ் மங்கிய காற்பந்து வீரர் டோனி. பரிசுச்சீட்டில் பெரும்பணம் பெற்றதனால் மகிழ்ச்சியை இழந்துவிட்ட இளந்தம்பதியர் பென், ஜெசிக்கா. மணவிலக்கு வழக்கறிஞர் லார்ஸ். கணவனால் கைவிடப்பட்ட நான்கு பிள்ளைகளின் தாய் கார்மல். மூன்றாண்டுகளுக்கு முன் மகனைப் பறிகொடுத்த மார்க்கோனி குடும்பத்தார் மூவர். வந்தவுடன் இவர்களின் பெட்டிகள் சோதிக்கப்படுகின்றன, கைப்பேசிகள் பெற்றுக்கொள்ளப்படுகின்றன, இரத்தம் எடுக்கப்படுகிறது, முதல் ஐந்து நாள்களுக்கு மௌனம் விதிக்கப்படுகிறது. நாள்தோறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பழச்சாற்றுக் கலவை வருகிறது. அதில் மனத்தை மயக்கும் போதைப்பொருள்கள் அவர்கள் அறியாமலே சிறிது சிறிதாகக் கலக்கப்பட்டுள்ளன. எல்.எஸ்.டி., மாயத்தோற்றம் தரும் காளான் வகையின் சத்து ஆகியவையே அவை.

நாவலின் பாதிவரை கொலையும் இல்லை, களவும் இல்லை, துப்பறிவாளரும் இல்லை. ஆயினும் பக்கங்கள் நகர நகர நம் நெஞ்சு கனக்கிறது. இந்தப் பதற்றம் எங்கிருந்து பிறக்கிறது?

வள்ளுவர் தரும் அளவுகோல்

இவ்வினாவுக்கு விடை காண மேனாட்டுத் திறனாய்வு நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவன். நான்கும் ஒருங்கே செம்மையாக இருந்தால்தான் அது மருத்துவம். ஒன்று பழுதுபட்டாலும் பெயர் மட்டும் எஞ்சி, பொருள் போய்விடும்.

இந்த அளவுகோலை டிராங்குவில்லம் இல்லத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். நோயாளி, தான் நோயாளி என்பதையே அறியார். தம்மை 'விருந்தினர்' என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். தீர்ப்பவள் மருத்துவம் பயின்றவள் அல்லள். தன் உறுதிப்பாட்டையே கல்வியாகக் கருதுபவள். மருந்து இனிப்பான சாற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. துணைசெய்பவன் அறிவைத் தலைவியிடம் அடகு வைத்துவிட்டான். நான்கும் இருக்கின்றன, நான்கும் திரிந்திருக்கின்றன. வீடும் தோட்டமும் எவ்வளவு அழகாக வருணிக்கப்படுகின்றனவோ அவ்வளவுக்கு அத்திரிபு நம்மை அச்சுறுத்துகிறது. இந்நாவலின் மர்மம் இருட்டறையில் இல்லை. பட்டப்பகலில், கண்ணாடிக் குவளையில், புன்னகையோடு நீட்டப்படும் சாற்றில் இருக்கிறது.

அறியாமல் விழுங்கியது எது?

மார்க்கோனி குடும்பமே இந்நாவலின் உயிர்நிலை. தந்தை நெப்போலியன் பள்ளி ஆசிரியர், தாய் ஹெதர் பேறுகாலத் தாதி, மகள் ஸோயி. ஸோயியுடன் இரட்டையராகப் பிறந்த ஸாக் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். மூவரும் தத்தம் குற்றவுணர்வை மற்ற இருவருக்கும் தெரியாமல் சுமக்கின்றனர். அன்று காலை கடிகாரத்தின் மணியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் கூடுதலாக உறங்கியது தந்தையின் பாரம். தாயின் பாரம் வேறு. மகன் உட்கொண்ட ஆஸ்துமா மருந்தின் உறைக்குள் இருந்த தாளில், மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை இருந்தது. பிறருக்கு மருந்தளித்துப் பழகிய அத்தாய் அத்தாளைப் படிக்கவில்லை.

இது கற்பனைக்காகப் புனைந்த அச்சமன்று. மாண்டெலுகாஸ்ட் என்னும் ஆஸ்துமா மருந்தின் உறையில் மனநல விளைவுகளைப் பற்றிய கட்டமிட்ட கடும் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் ஆணையிட்டது. அம்மருந்தால் பயன்பெறுவோர் பலர். மருத்துவரைக் கேளாமல் எவரும் அதனை நிறுத்திவிடலாகாது. ஆனால் தாளில் அச்சிட்ட உண்மை, படிக்கும் கண்ணைச் சேர்ந்தால்தான் பயன் தரும் என்பதை மொரியார்ட்டி துல்லியமாகப் பற்றிக்கொண்டார்.

பழச்சாற்றில் போதைப்பொருள் கலந்திருப்பதை முதலில் ஐயுற்று, மாஷாவை நேருக்கு நேர் வினவுபவள் இந்த ஹெதர்தான். இதைத் தற்செயலாகக் கொள்வது பொருந்தாது. ஒருமுறை படிக்காமல் விட்டவள் மறுமுறை கேட்காமல் விடமாட்டாள். நீ விழுங்குவது எது என்பதை நீ அறிந்தாயா? ஸாக்கின் மருந்தும் மாஷாவின் சாறும் இந்த ஒரே வினாவின் இரு பக்கங்கள். மர்ம நாவலின் விறுவிறுப்புக்கு அடியில் இத்தகைய அறவினா ஒன்றை ஓடவிட்டதே ஆசிரியரின் வெற்றி.

நான்காமவன்

எனினும் என் கருத்தில் இந்நாவலின் மிக முக்கியமான பாத்திரம் மாஷாவும் அல்லள், ஹெதரும் அல்லள். யாவ்தான்.

மாஷா போன்றோர் எக்காலத்திலும் இருப்பர். தாம் மறுபிறவி எடுத்துவிட்டதாக நம்புவோர், தமக்குப் பலித்தது உலகுக்கெல்லாம் பலிக்கும் என்று உறுதியாக எண்ணுவது இயல்பே. ஆனால் மாஷா ஒருத்தியால் ஒன்பது பேருக்கும் போதைப்பொருளை அளந்து ஊட்ட இயலாது. அதற்கு ஊசி போடத் தெரிந்தவன் வேண்டும்; இரத்த அழுத்தம் பார்க்கத் தெரிந்தவன் வேண்டும். விருந்தினர் நம்பிக்கை கொள்ளத்தக்க கனிந்த முகமும் வேண்டும். யாவிடம் இவையெல்லாம் உண்டு. பணத்தாசை அவனிடம் இல்லை, கொடுமையும் இல்லை. நன்மை செய்வதாக நம்பியே அவன் தீமைக்குத் துணைபோகிறான். தான் காப்பாற்றிய உயிர்மேல் கொண்ட பற்று, நாளடைவில் அவ்வுயிரைத் தெய்வமாக்கித் தொழுவதில் முடிகிறது. மருத்துவ ஊழியன் பக்தனாக மாறும்போது நோயாளிக்குக் காவல் இல்லாமல் போகிறது.

துணைசெய்பவனை வள்ளுவர் ஏன் தனிக்கூறாக எண்ணினார் என்பதற்கு யாவ் நல்ல விளக்கவுரை. தீர்ப்பவர் தவறும்போது அதனை முதலில் காண்பவர் அருகில் நிற்பவரே. அவர் வாய் திறந்தால் நோயாளி பிழைப்பார். அவர் வாய் மூடினால் மற்ற மூன்று கூறுகளும் சரிந்துவிடும்.

நாவலின் குறை

நாவலின் குறையும் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. இத்துணை ஆழமான பாத்திரத்தைப் படைத்த ஆசிரியர், பிற்பகுதியில் அவனை விட்டுவிட்டுப் பழைய மர்மக் கதைகளின் பாதைக்குத் திரும்பிவிடுகிறார். விருந்தினர் நிலவறையில் அடைக்கப்படுகின்றனர். ஒருவருக்காக மற்றவர் வழக்காடி, அவருக்கு மரண தண்டனை விதிக்கலாகாது என்று நிறுவ வேண்டும் என மாஷா ஒரு கொடிய விளையாட்டை ஏற்படுத்துகிறாள். தீப்பற்றியதுபோல் ஒரு நாடகமும் நடக்கிறது. இவை கண்ணுக்கு விருந்து, கருத்துக்கு இளைப்பு. பூட்டிய கதவைக் கண்டு அஞ்சுவது எளிது. பூட்டாத கதவின் அருகே நின்றுகொண்டு வெளியேற மனம் வராதிருப்பதே முற்பகுதி நமக்குக் காட்டிய அச்சம். கதவைப் பூட்டியவுடன் அந்த அரிய அச்சம் மறைந்து, 'தப்புவார்களா?' என்னும் மலிவான ஆவல் மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொரு குறை இதனினும் பெரியது. விருந்தினர் எவரும் இறப்பதில்லை. பலர் முன்னினும் நலமாகவே வாழ்க்கைக்குத் திரும்புகின்றனர். மார்க்கோனி குடும்பத்தார் மனம் திறந்து பேசிப் பாரம் இறக்கி வைப்பதும் அந்த நாள்களில்தான். அக்காட்சி கல்நெஞ்சையும் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், கேளாமல் ஊட்டிய மருந்து பலித்துவிட்டால் கேளாமல் ஊட்டியது சரியாகிவிடுமா? விளைவு நன்றாயின் வழியைப் பொறுக்கலாம் என்ற எண்ணத்தை நாவல் வாசகர் உள்ளத்தில் விதைத்துவிட்டு, அதனைப் போதிய அளவு களையெடுக்காமல் விட்டுவிடுகிறது. எள்ளலும் நகைச்சுவையும் மொரியார்ட்டியின் வலிமை. இவ்விடத்தில் அவையே கடிய தீர்ப்பைச் சொல்லவிடாமல் அவர் கையைப் பிடித்துக்கொள்கின்றன.

நடந்த கதை ஒன்று

இந்நாவல் வெளிவந்த அதே 2018இல், அமெரிக்கச் செய்தியாளர் ஜான் கேரிரூ எழுதிய 'பேட் பிளட்' என்னும் நூலும் வெளிவந்தது. அது நாவலன்று, தெரானோஸ் என்னும் நிறுவனத்தின் உண்மை வரலாறு. எனினும் மர்ம நாவலைப் போலவே படிப்போரை ஈர்த்துச் செல்வது. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போருக்கு நான் மேலே சொன்ன குறை தெளிவாகப் புலனாகும்.

எலிசபெத் ஹோம்ஸ் என்னும் பெண் 2003இல், தம் 19ஆம் வயதில், பல்கலைக்கழகப் படிப்பை விட்டுத் தொடங்கிய நிறுவனம் அது. விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டே எண்ணற்ற சோதனைகளைச் செய்யலாம் என்பது அதன் முழக்கம். முன்னாள் அமைச்சர்களான ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிசிஞ்சர் ஆகியோர் அதன் இயக்குநர் குழுவில் அமர்ந்தனர். வால்கிரீன்ஸ் மருந்துக் கடைகளுக்குள் அதன் இரத்தச் சோதனை மையங்கள் அமைந்தன. அவற்றுக்கு இடப்பட்ட பெயர் 'நலவாழ்வு மையம்' என்பதே. நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. ஆனால் கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. 2015 அக்டோபரில் கேரிரூ 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் உண்மையை வெளியிட்டார். 2018இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் பதினோர் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

இவ்வரலாற்றில் நம் கருத்துக்குரியவை இரண்டு. முதலாவது, ஹோம்ஸ் மீது நிறுவப்பட்ட நான்கு குற்றங்களும் முதலீட்டாளரை ஏமாற்றியவை பற்றியவை. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். அவருடைய கூட்டாளியான பல்வானிமீது மட்டுமே இருவகைக் குற்றங்களும் 2022 ஜூலையில் உறுதிசெய்யப்பட்டன. பணம் இழந்தவனின் வழக்கு எளிதில் எடைபோடப்படுகிறது. நம்பிக்கை இழந்த நோயாளியின் வழக்கை எடைபோடத் தராசு கிடைப்பது அரிது. சட்டத்தின் தராசு தூக்க முடியாத அந்த எடையைத் தூக்கிக் காட்டுவது இலக்கியத்தின் கடமையன்றோ?

இரண்டாவது, உண்மையை வெளிக்கொணர்ந்தோர் யார் என்பது. கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளிவந்த எரிக்கா சியுங், டைலர் ஷுல்ட்ஸ் என்னும் இளம் ஊழியர் இருவர் அவருள் முதன்மையானோர். டைலர், இயக்குநர் குழுவிலிருந்த ஷுல்ட்ஸின் பேரன். பாட்டனாரின் சினத்துக்கும் வழக்கறிஞர்களின் மிரட்டலுக்கும் இடையில் அவர் தம் நிலையில் நின்றார். எரிக்கா அரசாங்க ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுத்து வழியே முறையிட்டார். இவ்விருவரும் வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு. யாவ் வாய்மூடி நின்ற இடத்தில் இவர்கள் வாய் திறந்தனர். எந்த நிலவறையும் தீ நாடகமும் இல்லாமலே, சோதனைக்கூடத்தில் எண்கள் பொருந்தவில்லை என்று ஓர் இளம்பெண் உணரும் அந்த ஒரு கணம் நம் மயிர்க்கூச்செறியச் செய்கிறது. மொரியார்ட்டி யாவின் மனத்துக்குள் இந்தக் கணத்தை நிகழ்த்திக் காட்டியிருப்பின் அவருடைய நாவல் வேறு உயரத்தை எட்டியிருக்கும்.

நம் மண்ணில்

எங்கோ ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை நமக்கு எதற்கு என்று வினவலாம். நலவாழ்வு வணிகம் நம் வாயிற்படியை என்றோ தாண்டிவிட்டது. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் நெடுஞ்சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைக் கடப்போர் இருபுறமும் பெயர்ப்பலகைகளைக் காணலாம். அவை போதாவென்று, மூட்டுவலிக்குச் சாறு, சர்க்கரைக்குத் தூள், உறக்கத்துக்குக் காப்பி எனப் பல பொருள்கள் உறவினர் வழியாகவும் நண்பர் வழியாகவும் வீட்டுக்குள் வருகின்றன. எல்லாம் போலி என்று சொல்வது நேர்மையாகாது. எது மெய், எது போலி என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டா என்பதே வினா.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. நீரிழிவு, ஆஸ்துமா, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. 1984ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் மருந்துகளைப் பதிவு செய்ய வேண்டும் என விதிக்கின்றன. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் இருக்கும். நேரடி விற்பனைக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டமும், பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. ஆயினும் பக்கத்து வீட்டு அக்காள் நடுவீட்டில் அமர்ந்து, "எனக்குச் சரியாகிவிட்டது, நீயும் குடித்துப் பார்" என்று அன்போடு நீட்டும் குவளையின்முன் எந்தச் சட்டம் வந்து நிற்கும்? மாஷாவுக்குப் பெருமாளிகை தேவைப்பட்டது. இங்கே ஒரு நாற்காலி போதும்.

அந்த அக்காளும் ஒரு யாவ்தான். அவரிடம் வஞ்சகம் இல்லை. முதலில் தாம் நம்பினார். பின்னர்த் தம் சேமிப்பை இட்டுப் பெட்டி பெட்டியாக வாங்கினார். இப்போது நம்பாமல் இருக்க அவரால் முடியாது. அவருடைய ஐயமும் கடனும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. இதனினும் நுட்பமான மர்மக் கதைக்கு வேறு கரு வேண்டுமா?

இந்த நான்காமவரை நம் சமுதாயம் முன்பே அறியும். தோட்ட மருத்துவமனையில் 'டிரசர்' என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர், பால்மரக் காட்டு மக்களுக்கு அருகிலிருந்து துணைசெய்தவர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது நிருவாகம். கையை நீட்டி நாடி காட்டியது தொழிலாளி. காய்ச்சலுற்றவனுக்கு ஓய்வு எழுதித் தருவதா, வேலைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டிய காலைப்பொழுதுகளில் அவர் யார் பக்கம் நின்றார் என்பதே அவருடைய வரலாறு. நம் மாவட்டத்தில் பாயும் ஆற்றைத் தலைப்பிலேயே தாங்கி அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' எழுதினார். சயாம் மரண இரயில்பாதையின் துயரை 'நினைவுச் சின்னம்' ஆக்கினார். பெருந்துயரங்களை எழுதும் ஆற்றல் நம்மவர்க்கு உண்டு என்பதற்கு அவை சான்று. இனி இந்தச் சிறு குவளையின் துயரையும் எழுதுதல் வேண்டும்.

அதனை எழுத முற்படும் இளம் எழுத்தாளருக்கு ஒன்று கூறுவேன். நிறுவனத் தலைவரை அரக்கராக்கிவிடாதீர்கள். அது எளிய வழி. கதவைப் பூட்டாதீர்கள், பிணத்தையும் தேடாதீர்கள். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி அலையும் நம் பிள்ளை ஒருத்தியை அத்தகைய நிறுவனத்தில் சேர்த்துவிடுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் தாய்க்குச் சேலை வாங்கித் தரட்டும். பிறகு ஒருநாள், வாடிக்கையாளர் ஒருவர் மருத்துவமனை மாத்திரையை நிறுத்திவிட்டதாக மகிழ்ச்சியோடு அவளிடம் தெரிவிக்கட்டும். அப்போது அவள் என்ன சொல்வாள்? அந்த விடைக்காக வாசகர் மூச்சடக்கிக் காத்திருப்பார்.

மொரியார்ட்டியின் நாவல் அந்த வாயில்வரை நம்மை அழைத்துச் சென்று நின்றுவிடுகிறது. படிக்க வேண்டிய நூல். விழிப்போடு படிக்க வேண்டிய நூல். நம் பள்ளிகளில் மாணவருக்குச் செய்யுளைப் பிரித்துப் பொருள் காணக் கற்பிக்கிறோம். மருந்துறையின் தாளையும் அவ்வாறே பிரித்துப் படிக்கும் தலைமுறை ஒன்று உருவாகுமாயின், வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு ஒவ்வொரு வீட்டிலும் விழித்திருக்கும்.